எட்மண்டு பர்க்கின் ஆர்க்காட்டுக் கடனுரை

சட்ட மன்றத்தில் நிகழும் பேச்சினை இலக்கியமாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் திறனாய்வாளரிடையே நெடுநாளாக உண்டு. ஒரு தீர்மானத்தை ஆதரித்தோ மறுத்தோ எழுந்து, வாக்கெடுப்போடு முடிந்துவிடும் பேச்சிற்கு நிலைபேறு ஏது என வினவுவோர் உளர். வென்ற பேச்சு சட்டமாகி மறைகின்றது. தோற்ற பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் புதைகின்றது என்பது அவர்தம் கருத்து. இக்கருத்தினை ஆராய்தற்கு ஏற்ற உரைகளுள் ஒன்று, 1785ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக் காமன்ஸ் அவையில் எட்மண்டு பர்க் நிகழ்த்தியது. அது தோற்ற உரை. பொருளாலோ நம் நாட்டைப் பற்றியது. ஆர்க்காட்டு நவாபு தனியாரிடம் பட்டதாகச் சொல்லப்பெற்ற கடன்களைக் கருநாடகப் பகுதி உழவர் செலுத்தும் வரியிலிருந்து அடைக்கலாமா என்பதே வழக்கு. ஆங்கிலம் பயில்வோர் அவ்வுரையுள் ஹைதர் அலியின் படையெடுப்பைக் கூறும் பகுதியைப் போற்றிப் படிப்பர். அதனை அடுத்து வரும் பகுதியே உரையின் உயிர்நிலை என்பதும், அதனை மதிப்பிடும் தகுதி தமிழறிந்தார்க்குச் சிறப்பாக உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பர்க் 1729ஆம் ஆண்டு டப்ளின் நகரிற் பிறந்தவர். சட்டம் பயிலச் சென்று அதனை முடியாது விடுத்து எழுத்துத் துறை புகுந்தார். 1757இல் மேன்மை, அழகு என்னும் இரண்டன் தோற்றுவாய் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் அழகியல் பயில்வோரால் எடுத்தாளப்பெறுகின்றது. 1765ஆம் ஆண்டின் இறுதியில் உறுப்பினராகி 1794 வரை ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அவையில் இருந்தார். அத்துணை நீண்ட காலத்தில் அவர் அரசாங்கப் பதவி வகித்தது 1782இலும் 1783இலும் சில திங்களே. அப்போதும் அமைச்சரவையின் உள்வட்டத்தில் அவர்க்கு இடமில்லை. எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி எதிர்க்கட்சி இருக்கையிலேயே கழிந்தது. ஆகவே அவர்தம் வாழ்வை ஆட்சிச் செயல்களால் அளத்தல் இயலாது. பேச்சால் மட்டுமே அளத்தல் கூடும்.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பற்றி 1774இலும் 1775இலும் அவர் பேசியவை புகழ் வாய்ந்தன. அவை பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. 1774 நவம்பரில் பிரிஸ்டல் நகர வாக்காளர் முன் அவர் கூறிய கொள்கை ஒன்று மட்டும் நமக்கு வேண்டும். உறுப்பினர் தம் தொகுதியார் ஏவியவாறு கை தூக்கும் தூதுவர் அல்லர். தம் அறிவையும் நடுநிலையையும் அவர்க்குக் கடமையாகச் செலுத்த வேண்டியவர் என்பது அக்கொள்கை. கேட்டோர் அப்போது தேர்ந்தெடுத்தனர். அயர்லாந்து வாணிகத்திற்கும் கத்தோலிக்கர் உரிமைக்கும் அவர் பரிந்து பேசியதைப் பொறாது 1780இல் கைவிட்டனர். அதன்பின் மால்டன் என்னும் சிற்றூரின் சார்பில் அவர் அவையில் அமர்ந்தார். தொகுதியாரின் குரலே உறுப்பினரின் குரல் அன்று எனின், வேறு எவர்தம் குரல் அது? இவ்வினாவிற்கு அவர் பிரிஸ்டலில் முழுவிடை தரவில்லை. ஆர்க்காட்டுக் கடனுரையில் தருகின்றார்.

பர்க் கேட்டற்கு இனிய பேச்சாளர் அல்லர் என்பதையும் மறைத்தற்கில்லை. அவர் எழுந்தால் உறுப்பினர் உணவுக்கு எழுவர் என்று உடன்காலத்தார் நகையாடினர். நண்பராகிய கோல்டுஸ்மித்தும் தம் செய்யுளில் இதனைச் சுட்டி எள்ளியுள்ளார். ஒரு பொருளை எடுத்தால் அதன் வேர், பக்கவேர், வேரடி மண் எல்லாவற்றையும் அகழ்ந்து காட்டாமல் அவர் விடுவதில்லை. பசியோடிருக்கும் அவைக்கு இது குற்றம். நூலாகக் கொண்டு படிப்பார்க்கு இதுவே பயன். தம் முதன்மையான உரைகளை அவர் அச்சிட்டு வெளியிட்டமை இதனை உணர்ந்தே போலும். கடனுரையையும் அவ்வாண்டிலேயே ஆவணப் பிற்சேர்க்கைகளோடு வெளியிட்டார்.

இனி வழக்கின் வரலாறு. 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்த முகம்மது அலி, ஆர்க்காட்டை விட்டுச் சென்னைச் சேப்பாக்கத்தில் மாளிகை எடுத்து வாழ்ந்தார். கும்பினிக்குத் தர வேண்டிய படைச் செலவிற்கும் தம் செலவிற்குமாக அவர் கடன் வாங்கினார். கொடுத்தவருட் பலர் கும்பினியின் ஊழியரே. ஊதியம் சிறிதாக இருந்த அவ்வூழியர்க்கு இலட்சக்கணக்கில் கடன் கொடுக்கப் பொருள் வந்த வழி யாது என்பது எவர்க்கும் தோன்றும் வினா. வட்டி முதலாகி, அம்முதற்கு வட்டி ஏறி, நாட்டின் பகுதிகள் ஒவ்வொன்றாக அவர்க்கு ஈடாயின. 1767ஆம் ஆண்டுக் கடன், குதிரைப் படையின் சம்பள நிலுவையைத் தீர்க்க எழுந்த கடன், 1777ஆம் ஆண்டுத் திரட்டுக் கடன் என மூன்று தொகுதிகளாக அவை நின்றன. 1784ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் இக்கடன்களின் தோற்றத்தையும் நேர்மையையும் ஆராயுமாறு கும்பினி இயக்குநரைப் பணித்தது. ஆனால் அச்சட்டத்தால் தோன்றிய கட்டுப்பாட்டுக் கழகம், டண்டாஸ் என்பாரின் தலைமையான செல்வாக்கால், ஆராய்ச்சி இன்றியே கடனை ஏற்று ஆண்டுதோறும் பன்னிரண்டு இலட்சம் வராகன், அஃதாவது 4,80,000 பவுன், ஒதுக்குமாறு ஆணையிட்டது. அந்த ஆணை பற்றிய தாள்களை அவை முன் வைக்க வேண்டும் எனத் தீர்மானம் கொணர்ந்தவர் ஃபாக்ஸ். அதனை ஆதரித்தே பர்க் பேசினார்.

பர்க்கின் நடையை அணிமிகுந்தது என்பது வழக்கமாகிவிட்டது. உரையின் முற்பகுதியைப் பொறுமையோடு படித்தவர் அவ்வாறு சொல்லார். ஒவ்வொரு கடனாக எடுத்து, எப்போது, எவரால், எந்த வட்டிக்கு, எதனை ஈடாகக் கொண்டு எழுந்தது எனக் கணக்கர் போல் அவர் அடுக்கிச் செல்கின்றார். கணக்கிலிருந்தே சினம் பிறக்கின்றது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலுள் வெகுளி பிறக்கும் களன் நான்கனுள் ஒன்றாகக் குடிகோள் கூறப்படும். குடிக்கு இழைக்கும் கேடு கண்டு எழும் அவ்வெகுளியே இவ்வுரையின் மெய்ப்பாடு எனக் கொள்ளலாம். அது முதலிலேயே வெடித்து எழாமல், தொகை தொகையாக ஏறி எழுவது அதன் தனித்தன்மை.

இடையே பால் பென்ஃபீல்டு என்னும் கடன்கொடுத்தாரைப் பற்றிய பகுதி வருகின்றது. நம் அணியிலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்பதற்கு இதனினும் சிறந்த உரைநடை எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டும் என்று அந்நாள் தலைமை அமைச்சர் பிட் பேசிவந்தார். அதனைப் பற்றிக்கொண்டு, பென்ஃபீல்டே பெருஞ் சீர்திருத்தக்காரர் எனப் பர்க் போற்றுகின்றார். தம்மையும் சேர்த்து எண்மரை முந்தைய அவைக்கு உறுப்பினராக ஆக்கியவர் அன்றோ எனக் கேட்கின்றார். ஆர்க்காட்டில் ஈட்டிய பொருள் இலண்டனில் இருக்கையாக மாறிய வழியைக் கூற இதைவிடக் கூரிய முறை இல்லை. இத்தகைய நகை சினத்தைத் தணிப்பதில்லை. அதற்கு மூச்சு விட இடம் தருகின்றது.

அடுத்து, புகழ்பெற்ற ஹைதர் அலிப் பகுதி. 1780 சூலையில் கருநாடகத்துள் புகுந்த அப்படையை, மலைச்சாரலில் சிறிது நேரம் தங்கிப் பின் சமவெளி மீது கொட்டும் கருமேகமாக அவர் உருவகிக்கின்றார். அச்சமே மேன்மை உணர்வின் அடிப்படை, தெளிவின்மை அதனை மிகுவிக்கும் எனத் தம் இளமை நூலிற் கூறிய கொள்கையை இங்குச் செயற்படுத்திக் காட்டுகின்றார் எனலாம். பகுதி வலிமையுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் தமிழ்ச் செவிக்கு ஒரு தடை உண்டு. மலைமேற் கருமேகம் என்றவுடன் நம் உள்ளம் கார்ப்பருவத்தை எண்ணும், முல்லைப்பாட்டின் தொடக்கத்தை நினைவுகூரும், மகிழும். அழிவிற்கு அவ்வுருவகம் பொருந்துவது மழை வேண்டி வானம் நோக்காத நாட்டார்க்கே. பர்க் பேசியது அவர்க்காதலின் இது குற்றமாகாது. தேம்ஸ் ஆறு முதல் டிரெண்டு ஆறு வரை இங்கிலாந்து வெறுமையாக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள் என அவர் கேட்பதும் அவையோர்க்கு வேண்டிய அளவுகோலே.

அதன்பின் உரை தன் போக்கை மாற்றுகின்றது. அழிந்த நாட்டில் வரி பெருகும் என எதிர்பார்க்கும் அமைச்சரை நோக்கி, அந்நாட்டில் வரி எதிலிருந்து வருகின்றது என அறிவீரோ என்னும் பாங்கில் அவர் விளக்கத் தொடங்குகின்றார். அங்கே மழை ஒரு பருவத்திற்கே உரியது. விளையும் நெல்லோ எப்போதும் ஏவற்கு நிற்கும் நீரை வேண்டுவது. ஆகவே தேக்கிய நீரே அந்நாட்டின் வங்கி. அதில் வைப்புக் குறைந்தால் நாடு மீளாது. கடன் வழக்கிற்கு உருவகத்தைக் கடன் துறையிலிருந்தே எடுத்தமை காண்க. மேகம் வெளியிலிருந்து கொணர்ந்து பூட்டிய உருவகம். இது வழக்கின் உள்ளிருந்தே முளைத்தது. கொடுத்தோர் ஏட்டில் எழுதியது பொய்வைப்பு. ஏரியில் நிற்பது மெய்வைப்பு. இவ்வெதிர்நிலையை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லாமையே சிறப்பு.

பின்னர் எண் வருகின்றது. நவாபு 1763இல் கும்பினிக்கு அளித்த செங்கற்பட்டுப் பகுதி ஜாகீர் எனப்பட்டது. பர்னார்டு என்னும் பொறியாளர் அதனை அளந்து வரைந்த படத்தை முன் வைத்துக்கொண்டு, அதிற் கண்ட ஏரிகளை உழைத்து எண்ணியதாகப் பர்க் கூறுகின்றார். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டன. இரண்டு மூன்று ஏக்கர் பரப்புடையன முதல் ஐந்து மைல் சுற்றளவுடையன வரை. கருநாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவுமாகப் பதினாயிரத்திற்குக் குறையா என்பது அவர் மதிப்பு. மண்ணும் கல்லும் கொண்ட கரை, திண்ணிய கட்டட மதகு, தூர் எடுத்து மட்டம் பார்க்க வேண்டிய கால்வாய் ஆகியன அனைத்தும் ஒரு பாராளுமன்றப் பேச்சில் இடம் பெறுகின்றன. அவ்வேரிகளை வெட்டுவித்தோர் தம் வாழ்நாளுக்கு அப்பாலும் மக்களைக் காக்க விரும்பிய மெய்யான அரசர் என்றும், கடன்கொடுத்தோர் அவற்றின் பராமரிப்பிற்கு உரிய பொருளைத் தம் பக்கம் திருப்பியதால் ஹைதர் வருமுன்பே அவை பழுதுற்றன என்றும் முடிக்கின்றார்.

இந்தியாவிற்கு ஒருமுறையேனும் வாராதவர் அவர். விளக்கின் முன் அமர்ந்து ஒரு படத்திலுள்ள நீர்நிலைகளை ஒன்று, இரண்டு என எண்ணியிருக்கின்றார். அவையில் எவரும் அவ்வெண்ணைக் கேட்கவில்லை. ஐந்நூறு என்றிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பர். ஆயினும் எண்ணினார். புலவர் ஒருவர் தாம் பாடும் பொருளின்பால் கொள்ளும் ஈடுபாட்டிற்கும் இதற்கும் வேற்றுமை காண்டல் அரிது. மேகப் பகுதியில் தெளிவின்மை அச்சம் தருகின்றது. ஏரிப் பகுதியில் தெளிவே இரக்கம் தருகின்றது. ஆதலின் இரண்டனுள் பிந்தியதே உயர்ந்தது எனத் துணிகின்றோம்.

நிலமும் நீரும் கூட்டுவோரே உயிரைப் படைத்தவர் என்னும் கருத்தினைப் பாண்டியன் நெடுஞ்செழியற்குக் குடபுலவியனார் அறிவுறுத்தும் புறநானூற்றுப் பதினெட்டாம் பாட்டினை அறிந்தார்க்குப் பர்க்கின் கூற்று புதிதன்று. அறியாமல் இருவரும் ஒன்றுபட்டமை வியப்பு. புலவர் அரசனை நோக்கி இனிச் செய்க என்கின்றார். பர்க் அரசாங்கத்தை நோக்கி, செய்தவற்றை அழியவிடுகின்றீர் என்கின்றார். இடையிலே பல நூற்றாண்டுகள்.

குறைகளும் கூறற்பாலன. உயிரோட்டமுள்ள ஆறுகள் கருநாடகத்தில் இல்லை என்னும் அளவிற்கு அவர் சொல்வது பாலாற்றின் கோடைநிலைக்கு ஒக்கும். காவிரி பாயும் தஞ்சைக்கு ஒவ்வாது. இதனினும் முதன்மையானது வேறு. ஏரிகளைக் கண்டோர் அரசரே என்று அவர் கொண்டது பாதி உண்மை. அவர் எண்ணிய அதே ஜாகீரில் உத்திரமேரூர் உள்ளது. அங்குள்ள முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் தேரும் முறையை வகுக்கின்றன. அவ்வாரியங்களுள் ஏரிவாரியம் ஒன்று. வெட்டியவன் அரசனாயினும் ஆண்டுதோறும் காத்தவர் ஊரார். அக்கல்வெட்டுகள் அவர் காலத்தில் படிக்கப்பெறவில்லை. ஆதலின் அவர் அறியாமையைக் குற்றம் என்றல் முறையன்று. ஆயினும் விளைவு ஒன்று உண்டு. அவருரையில் தமிழ் உழவர் காக்கப்பட வேண்டியவராகவே வருகின்றனர். ஓர் அவையில் அமர்ந்து முடிவு செய்தவர் மரபினராக வரவில்லை.

அவர் நடுநிலையும் ஆராய்தற்குரியது. உறவினராகக் கருதப்பெற்ற வில்லியம் பர்க் 1777இல் சென்னைக்கு வந்து தஞ்சை மன்னரின் முகவராகப் பணியேற்றவர். நவாபும் தஞ்சை மன்னரும் பகைவர். நவாபின் பொருட்டுக் கும்பினிப் படை 1773இல் தஞ்சையைக் கைப்பற்றியதும், 1776இல் ஆளுநர் பிகட்டு அதனை மீட்டளித்ததும், அதனால் அவர் சிறைப்பட்டு மறுவாண்டில் காவலிலேயே இறந்ததும் அறிந்தவையே. பர்க் எந்தப் பக்கம் சாய்வார் என்பது முன்னரே தெரிந்தது. கும்பினியின் உரிமையில் அரசாங்கம் தலையிடுதலை அவர் 1773இல் எதிர்த்ததும் உண்மை. 1781 முதல் தெரிவுக் குழுவில் அமர்ந்து ஆவணங்களை இரவு பகலாகப் படித்த பின்னரே அவர் கருத்து மாறிற்று. சார்பு அவரை இவ்வழக்கின்பால் ஈர்த்திருக்கலாம். ஆயிரத்து நூறு ஏரிகளை எண்ணுமாறு செய்தது சார்பு அன்று.

பிரிஸ்டலில் எழுந்த வினாவிற்குத் திரும்புவோம். கடன்கொடுத்தோர்க்கு அவையில் எண்மர் இருந்தனர். கடனை உண்மையில் அடைக்க வேண்டிய உழவர்க்கு ஒருவரும் இல்லை. இருத்தற்கு வழியும் இல்லை. மால்டன் வாக்காளர் ஆர்க்காட்டைப் பற்றிக் கட்டளை ஏதும் தந்திருக்க மாட்டார். அக்கட்டளையின்மையே பர்க்கிற்கு இடம் தந்தது. உறுப்பினரின் அறிவு தம் தொகுதிக்கு மட்டும் கடன்பட்டதன்று எனின், தேர்தலே அறியாத மக்களுக்காகவும் அது பேசலாம் என்னும் விரிவு இங்கே நிகழ்கின்றது. இவ்வகைப் பிரதிநிதித்துவம் நிறைவானதன்று. பேசப்படுவோர் பேசுவோரைத் திருத்த இயலாது. உத்திரமேரூர்ச் செய்தி அதற்குச் சான்று. எனினும் அந்நாளில் அவர்க்காகப் பேச வேறு வாய் இருந்ததில்லை.

பர்க் அமர்ந்தபின் பிட் மறுமொழி கூற எழவில்லை. கூற வேண்டிய தேவையில்லை என எண்ணினார் என்பர். தீர்மானம் பெரும்பான்மையால் தோற்றது. மூன்றாண்டு கழித்து, 1788 பெப்ரவரியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான பெருவழக்கைப் பர்க் பிரபுக்கள் அவையின் முன் நான்கு நாள் பேசித் தொடங்கினார். அதுவும் 1795இல் விடுதலையில் முடிந்தது. அவ்வழக்குரைகளே மிகுதியாகப் பேசப்பெறுகின்றன; ஆயினும் ஒருவனைக் கொடியோனாக நிறுத்தும் முயற்சியில் அவை அளவு கடந்து செல்கின்றன. கடனுரையில் சினம் ஒரு முறைமையின் மேல் செல்கின்றது. பென்ஃபீல்டு அதன் சான்று மட்டுமே. அதனால் அது இன்றும் படிக்கத் தளர்வதில்லை.

பிற்கால நிகழ்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. 1801இல் கருநாடகம் கும்பினி வயமான பின், டண்டாஸ் ஏற்றுக்கொண்ட கடன்களில் அடங்காத பிற கடன் கோரிக்கைகளை ஆராய 1805இல் ஆணையர் அமர்ந்தனர். 1814 வரை அவர் முடிவு செய்த கோரிக்கைகள் இரண்டு கோடிப் பவுனுக்கு மேற்பட்டன. நேரியவை என ஏற்கப்பெற்றவை அவற்றுள் மிகச் சிறிய பங்கே. ஆராய்ச்சியின்றிக் கொடுக்கப்பெற்ற முன்னைக் கடன்களை அதே நிறைகோலில் இட்டிருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்பதைப் படிப்போர் உய்த்துணர்க.

ஏரிகளின் நிலை உடனே மாறவில்லை. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பழுதுற்ற ஏரிகளைச் செப்பனிடும் பணியில் ஈடுபட நேர்ந்தது. மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயிலைப் பற்றி வழங்கும் கதையில் வரும் துரை இவரே. பெருமழை நாளிரவில் கரை உடையுமோ என அஞ்சிப் பார்க்கச் சென்றவர்க்கு, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்ற காட்சி தோன்றிற்று என்பது கதை. பர்க்கின் உரையில் ஏரிகளுக்கு எண்ணிக்கை உண்டு. பெயர் ஒன்றேனும் இல்லை. செம்பரம்பாக்கம், மதுராந்தகம், உத்திரமேரூர் என அவற்றின் பெயரை இட்டுப் பர்னார்டின் படத்தோடு ஒப்பிட்டு அவ்வுரைக்கு ஒரு தமிழ் விளக்கம் எழுதுதல் நம் ஆராய்ச்சி மாணவர்க்கு உரிய பணி.